விளக்கெண்ணெய் மீசை

ஓவியருக்குக் கை வரைய வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. முகம் வரைந்தால் அச்சு அசல். கோட்டு வரைந்தால் பொத்தானில் நூல்கூடத் தெரியும். பின்னால் திரைச்சீலை, பூச்சாடி, மேஜைமேல் யாரும் படிக்காத தடிப் புத்தகம், எல்லாவற்றையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விரல் என்று வந்துவிட்டால் மட்டும் வாழைப்பழச் சீப்புதான். அதனால் அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவரைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரத்திலேயே மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். சும்மா இருக்கிற வாயா அது?

"ஏங்க, இந்த டாக்டருக்குக் கை இல்லையா?"

"பைக்குள்ள இருக்கு."

"அப்ப ஊசி எப்படிப் போடுவாரு?"

ஓவியருக்குச் சுருக்கென்றது. அவள் வாயை அடைக்கவோ, இல்லை நிஜமாகவே ஆசைதானோ, கதவுயரத்துக்கு ஒரு கேன்வாஸை இழுத்துக் கட்டி நிறுத்தினார். "உன்னத்தான் வரையப்போறேன். முழு உருவம். கையோட!" என்றார். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, கரித்துண்டால் முகத்துக்கான வட்டத்தைப் போட்டார். வட்டமும் இல்லை, முட்டை மாதிரி. போட்ட கையோடு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "இரு, இதோ வந்துட்டேன்" என்று போனவர் போனவர்தான்.

அந்த முட்டை அப்படியே நின்றது. வந்தது பாங்க் மேனேஜர் படத்துக்கான ஆள். அதற்குப் பின் கல்லூரி முதல்வர், அதற்குப் பின் பெரிய ஜவுளிக்கடைக்காரர். நூற்றாண்டு பாதியைத் தாண்டியிருந்த காலம். போட்டோ வந்துவிட்டது என்றாலும், எண்ணெயில் வரைந்து சுவரில் மாட்டினால்தான் மனிதனுக்குக் கனம் என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். ஓவியரே போட்டோ ஸ்டூடியோவில் திரைக்கு நிலாவும் ஏரியும் வரைந்து பிழைப்பைத் தொடங்கியவர்தான். இப்போது பெரிய மனிதர்கள் கார் வைத்துக்கொண்டு தேடி வந்தார்கள். மனைவி கேன்வாஸ்மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டாள். விருந்தாளிகள் "இது என்னம்மா முட்டை?" என்று கேட்டால், "நான்தான்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் நகரசபைச் சேர்மன் வந்து சேர்ந்தார். சேர்மன் என்றால் மீசை, மீசை என்றால் சேர்மன். மீசையைக் கழித்துவிட்டு எடை போட்டால் மனிதர் அரை ஆள் தேறமாட்டார். இரண்டு முனையும் மெழுகு தடவி மேலே முறுக்கி, கண்ணைக் குத்திவிடுமோ என்று பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். நகரசபை மண்டபத்தில் மாட்ட அவருக்கு ஆளுயரப் படம் வேண்டுமாம். "எல்லாம் எப்படியோ இருக்கட்டும், மீசைக்குக் கலர் தாராளமா விடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓவியர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

சேர்மன் வந்து உட்காரவேண்டிய முதல் நாள். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு மூன்று நாளாக வயிறு போகவில்லை. மனைவி மருந்துக் கடையிலிருந்து பழுப்புப் புட்டியில் விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தூசித்துணி, கணவரின் வேலையறையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இவர் படம் முடிஞ்சா அடுத்தது என் படம்தானே?"

"அட விளக்கெண்ணெய்! இப்பக் கேக்கிற கேள்வியா இது?" என்று கத்திவிட்டு அவர் சவரம் செய்யப் போனார்.

விளக்கெண்ணெய் என்பது அவர் வாயில் ஊறிப்போன வசவு. வழவழ என்று எதற்கும் உதவாத எல்லாமே அவருக்கு விளக்கெண்ணெய்தான். தூரிகை முடி உதிர்ந்தால் விளக்கெண்ணெய். ஏணிக் கால் ஆடினால் விளக்கெண்ணெய். ஆனால் கட்டிய பெண்டாட்டிக்கு அது எப்படி இருக்கும்? அவள் கோபத்தில் துணியை ஒரு வீசு வீசினாள். மேஜைமேல் இருந்த, அவர் வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி உருண்டு, தரையில் கவிழ்ந்து, அவ்வளவும் போயே போய்விட்டது.

வண்ணக்கடை ஊரின் அந்தக் கோடியில். சேர்மனின் கார் ஹார்ன் இந்தக் கோடியில். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சட்டென்று ஒரு யோசனை ஓடியது. எண்ணெய்ப் படம்தானே வரைகிறார்? எண்ணெய் எண்ணெய்தானே? அடுப்படிக்கு ஓடினாள், விளக்கெண்ணெயை எடுத்து வந்தாள், காலிப் புட்டியில் கழுத்துவரை ஊற்றினாள். தரையைக் கணவரின் பழைய சட்டையால் துடைத்தாள். ஓவியருக்கு வருஷத்தில் பத்து மாதம் மூக்கடைப்பு, டர்பன்டைன் வாசம்கூடத் தெரியாது. வந்தார், குழைத்தார், வரைந்தார். அந்தப் புட்டி அந்த ஒரு படத்துக்குச் சரியாகிப்போனது.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோல் மாதிரி இறுகிவிடும். விளக்கெண்ணெய் காயாது. இன்றைக்கும் காயாது, நாளைக்கும் காயாது, உங்கள் பேரன் கல்யாணத்துக்கும் காயாது.

ஒரு மாதம் ஆனது. "ஏன் இன்னும் ஒட்டுது?" என்றார் ஓவியர்.

"மழைக்காலம்ல" என்றாள் அவள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

திறப்பு விழாவில் படத்துக்குப் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சேர்மனே கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. மறுபடியும் இழுத்தார். பியூன் ஓடி வந்து பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க, சர்ரென்று வந்தது. துணியில் ஒரு மீசை, படத்தில் ஒரு மீசை! கூட்டம் எதற்கும் இருக்கட்டும் என்று கை தட்டியது. படத்திலிருந்த சேர்மனின் முகம் விளக்கெண்ணெய் குடித்த முகமாக மின்னியது. காரணம் தெரிந்த ஒரே ஆள் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓவியர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "எந்த விளக்கெண்ணெய் பண்ண வேலையோ தெரியல! கண்டுபிடிச்சேன்னு வை, தோலை உரிச்சிடுவேன்."

அவளுக்குத் தொண்டைவரை வந்தது திரும்பிப் போய்விட்டது. அவர் ஒரு வாரம் யோசித்து வண்ணக்கடைக்காரர் தலையில் பழியைப் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்ட சிநேகிதர்கள். அன்றோடு பேச்சு முறிந்தது. மேற்கொண்டு வேண்டியதை வேறு கடையில் வாங்கினார். இப்படியாக அவள் ஒளித்து வைத்த பூசணிக்காய் நாளுக்கு நாள் பருத்தது. மூடுவதற்குச் சோறுதான் போதவில்லை.

மூன்று மாதத்தில் மீசை இறங்க ஆரம்பித்தது. தாராளமாக விட்ட கலரல்லவா, கனம் தாங்கவில்லை. முதலில் முறுக்கு தளர்ந்தது. பிறகு உதட்டை மூடியது. மீசை உதட்டுக்கு வந்த அன்று சேர்மனுக்குப் பல்வலி வந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சேர்மன் அப்படி நினைக்கவில்லை. அடுத்த மாதம் படத்தில் இடது புருவம் சரிந்தது, அவருக்கு இடது கண்ணில் கட்டி வந்தது. போதாதா? மீசை படச்சட்டத்தைத் தொடும் அன்று தன் கதை முடிந்தது என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார். ஓவியருக்கு ஆள் அனுப்பினார்.

"மேல தூக்கி விடு" என்றார்.

ஓவியர் ஏணி போட்டு ஏறினார். வண்ணக்கத்தியால் மீசையை அடியிலிருந்து வழித்து மேலே ஏற்றி முனையை முறுக்கிவிட்டார். சேர்மனுக்குப் பல்வலி நின்றது. அன்று காலைதான் அவர் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தார். யார் கேட்கிறார்கள்?

மறுநாளே பியூன் உத்தரவுக் காகிதம் கொண்டு வந்தான். "மேற்படி மீசையைத் திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு உரிய உயரத்தில் நிறுத்திவைக்க வேண்டியது" என்று எழுதி, கீழே முத்திரை குத்தியிருந்தது. ஓவியர் அதைச் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். நாலு வாரத்தில் காய்ந்துவிடும் என்றுதான் நினைத்தார். பாவம்.

மீசையைத் தூக்கினால் மூக்கு இறங்கியது. மூக்கைத் தூக்கினால் கன்னம் கோபித்துக்கொண்டது. திங்கள் மீசை, புதன் புருவம், வெள்ளி தாடை என்று ஆனது. அந்த வழியாகப் போகிற குமாஸ்தாக்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வோமே, இந்தப் படத்துச் சேர்மன் நிஜமாகவே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியருக்கு ஊரில் புதுப்பெயர் வந்தது: மீசைதூக்கி. வீட்டு வாசலில் நின்று, "மீசைதூக்கி வீடு இதானே?" என்று தபால்காரர் கேட்டார். "ஓவியர் வீடு" என்று மனைவி கதவை அறைந்து சாத்தினாள்.

ஊர்ப் பேச்சை ஓவியர் சிரித்து மழுப்பிவிடுவார், குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. ஆனால் உள்ளே ஏதோ உடைந்துபோனது. பெரிய படம் எதற்கும் அதற்கப்புறம் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "என் கை ராசி சரியில்லைங்க, காயாது" என்று சொல்லி அனுப்பினார். அவள் உள்ளே நின்று கேட்பாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொள்ளும். சொன்னால் என்ன ஆகும்? விஷயம் வெளியே போகும், சேர்மன் சும்மா விடமாட்டார், கணவரோ இந்த ஜென்மத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுத்த வாரங்கள் முப்பது வருஷம் ஆயின.

ஒருநாள் அவர் சாப்பாட்டைக் கொடுக்க மண்டபத்துக்குப் போனாள். சுவர் நெடுக அவர் வரைந்த பழைய படங்கள். டாக்டர், பாங்க் மேனேஜர், முதல்வர், எல்லாரும் நன்றாகக் காய்ந்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒட்டடை பிடித்துத் தொங்கினார்கள். ஒருவரையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஏணிமேல் அவள் கணவர். சேர்மனின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கத்தி முனையால் தடவித் தடவி ஏற்றிக்கொண்டிருந்தார். தன்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா இந்த மனிதர்? ஒரு கிழவனின் மீசையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் அவளே ஊற்றிய எண்ணெய்! டிபன் பாத்திரத்தை ஏணியடியில் நங்கென்று வைத்துவிட்டு வந்தாள்.

பெண் வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். பேரன் வந்து முட்டைக்குக் கண்ணும் வாலும் வரைந்து மீனாக்கிவிட்டுப் போனான். அவள் வாலை மட்டும் அழித்தாள்.

சேர்மன் தொண்ணூற்று மூன்று வயதில், சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அன்று திங்கட்கிழமை. படத்தில் அப்போதுதான் தூக்கிவிட்ட மீசை ஜம்மென்று கண்ணைக் குத்துகிற உயரத்தில் நின்றது. பதவியில் புதிதாக வந்தவர்கள் படத்தைக் கழற்றிச் சாமான் அறையில் போடச் சொன்னார்கள். கிழப் பியூன் அதைத் தரையில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏங்க ஓவியரே, இப்படிப் படுக்க வெச்சா எதுவுமே இறங்காதில்ல? இது ஏன் இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தோணல?"

ஓவியர் கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பில் கால் நுழைத்து, எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள்.

வந்தார். வேலையறையில் காயப் போட்ட துண்டுகளை எடுத்துவிட்டு, அந்தக் கேன்வாஸை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மீனின் கண்ணைத் துடைத்தார். "போய் உக்காரு" என்றார். அவள் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த வார்த்தை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவர் தூரிகையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வேண்டாம்மா. நீயும் காயாமப் போயிட்டா? ஒரு மீசையை நிக்க வெக்கத் தெரியாதவன் நான். உன்னையும் கெடுத்துடுவேன். என் கையிலதான் ஏதோ கோளாறு."

கண்ணில் நீர் நின்றது அவருக்கு. இதற்குமேல் அடக்க அவள் என்ன கல்லா? எழுந்து அடுப்படிக்குப் போனாள். அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தாள்.

"இதைப் பிடிச்சிட்டிருக்கிற மாதிரி வரைங்க."

"இது என்ன?"

"அன்னைக்கு உங்க எண்ணெய் கொட்டிப்போச்சு. நான்தான் கொட்டினேன். சேர்மன் வேற வாசல்ல வந்துட்டாரு. இதைத்தான் புட்டியில ஊத்தி வெச்சேன். எந்த விளக்கெண்ணெய் பண்ண வேலைன்னு கேட்டீங்களே, நான்தான் அந்த விளக்கெண்ணெய். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல."

ஓவியர் புட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தோலை உரிப்பதற்கு வண்ணக்கத்தி பக்கத்து மேஜையிலேயே இருந்தது. ஆனால் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் புட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஆனது. அடுப்பு பற்றவைக்கவில்லை. போய்விட்டார், இனி வரமாட்டார், வந்தாலும் பேசமாட்டார் என்று வாய்விட்டு அழுதாள். மூன்று மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. ஓவியர் கையில் புதுப் புட்டி ஒன்றோடு நின்றார்.

"வண்ணக்கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"எதுக்குன்னு அவனுக்கு ஞாபகமே இல்ல. முப்பது வருஷமா ஏன் கடைப்பக்கம் வரலைன்னு கேட்டான். பொண்டாட்டியைக் கேட்டுச் சொல்றேன்னேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மீசை! முப்பது வருஷம்! ஏண்டி, பிள்ளைக்கு வயிறு போக வாங்கினதையா ஊத்தின?" அவளும் அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

மறுநாள் காலை அவர் முறையாக உட்கார்ந்தார். வண்ணங்களைப் பிதுக்கினார், புதுப் புட்டியின் மூடியைத் திருகினார். அசல் ஆளிவிதை எண்ணெய், சிநேகிதன் கொடுத்தது. அவள் எழுந்து வந்து அதைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள். தன் புட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"இதை ஊத்துங்க."

"பைத்தியமா உனக்கு? காயவே காயாது."

"காயக் கூடாது. காஞ்சா சுவத்துல மாட்டுவீங்க. மாட்டினா மறந்துடுவீங்க. உங்க டாக்டரும் மேனேஜரும் ஒட்டடை பிடிச்சுத் தொங்கறதை நான் பாத்தேன்." அவள் புட்டியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள். "அந்தக் கிழவனுக்கு வாரம் தவறாமப் போனீங்கல்ல? எனக்கும் வாங்க. என் கன்னமும் இறங்கட்டும்."

ஓவியர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கெண்ணெயைத் தட்டில் ஊற்றினார்.

இருபது நாளில் படம் முடிந்தது. முகம் அச்சு அசல். மடியில் புட்டி. அதைப் பிடித்திருந்த கைகள் இரண்டு சீப்பு வாழைப்பழம்தான், இதற்குமேல் மனிதரிடம் என்ன எதிர்பார்ப்பது? அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வாசலுக்கு வந்த தபால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டு, "பாருங்க, கை!" என்று காட்டினாள்.

முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓவியர் சட்டை மாட்டிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, கூடத்திலிருந்து வேலையறைக்கு வந்தார். முக்காலி போட்டு ஏறி, கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். புருவம், மூக்கு, தாடை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இன்னும் ஒண்ணும் இறங்கலையேம்மா" என்றார்.

"இறங்காட்டிப் போகுது" என்றாள் அவள், கதவருகே நின்றுகொண்டு. "வந்ததுக்குக் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருங்க."